எடைச் சீட்டில் இரண்டு பேர்

அடியே,

வண்டியின் ஆர்.சி. புத்தகத்தைத் தேடப் போனேன், உன் எடைச் சீட்டு வந்து மடியில் விழுந்தது. பிளாஸ்டிக் உறைக்குள் மூன்றாக மடிந்து கிடந்திருக்கிறது. பிரித்தால் புது ரப்பர் வாசனை. இத்தனை வருஷம் கழித்து ஒரு காகிதத்தில் எப்படி இருக்கும் என்று கேட்காதே, இருந்தது. மை மங்கிவிட்டாலும் எண் தெரிகிறது: இரண்டாயிரத்து நூற்று அறுபது கிலோ. பின்பக்கம், டயருக்கு எவ்வளவு காற்று என்று உன் பென்சில் கிறுக்கல்: "முன்னாடி 40, பின்னாடி 50. ரெண்டு பேரோட."

அந்தக் கடைசி வரியைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் தரையிலேயே உட்கார்ந்திருந்தேன். குக்கர் எத்தனை விசில் போட்டது என்று தெரியாது. சோறு குழைந்துவிட்டது.

ஆர்.சி. தேட வைத்தது உன் தம்பி. சந்தாபுராவில் அவன் வாங்கிப் போட்ட காலி மனையில்தானே மூன்று வருஷமாக நம் வண்டி நிற்கிறது. இப்போது அங்கே வீடு கட்டப் போகிறான். திங்கட்கிழமை அஸ்திவாரம் தோண்ட ஆள் வருகிறார்கள். வியாழக்கிழமை போன் செய்தான். "அக்கா, தப்பா நெனச்சுக்காதீங்க. டயர் எல்லாம் போச்சு, நகர்த்தவே முடியாதுன்றாங்க. பழைய இரும்புக்காரன் அங்கயே வெட்டி எடுத்துக்கிட்டுப் போறேன்றான். சொல்லிடட்டுமா?"

நல்ல பிள்ளைதான் அவன். மூன்று வருஷம் வாடகை கேட்காமல் விட்டு வைத்தானே. ஆனால் 'வெட்டி' என்றதும் எனக்குப் பொறுக்கவில்லை. திங்கட்கிழமைக்குள் நானே வந்து ஓட்டிக்கொண்டு போகிறேன் என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் உறைத்தது. நீ பக்கத்தில் இல்லாமல் நான் ஹோசூர் ரோட்டில் ஓட்டியதே இல்லை.

வீட்டுக்காரர் போன பிறகு பொம்மசந்திரா கம்பெனியில் பேக்கிங் வேலைக்குச் சேர்ந்த முதல் நாள், வேனின் டிரைவர் சீட்டில் ஒரு பொம்பளையைப் பார்த்து, "இது ஓட்டுமா?" என்று பக்கத்தில் இருந்தவளிடம் கேட்டேன். உன் காதில் விழுந்துவிட்டது. "ஓட்டும், பாடும், திட்டும். ஏறுடி" என்றாய். அதற்கப்புறம் பதினான்கு வருஷம் அதே வேன், அதே ஜன்னலோர சீட்டு.

காலையில் போகும்போது பேச்சு. மதியம் ஷிஃப்ட் முடிந்து திரும்பும்போது தூக்கம். "தூங்குங்கடி, அடுகோடி வந்தா எழுப்புறேன்" என்பாய் தினமும், எல்லாரும் இறங்குவது அங்கேதானே. வெயில் கண்ணாடி வழியாக மடியில் விழும், பன்னிரண்டு பேரும் பொத்துப் பொத்தென்று சாய்வோம். கண்ணை மூடிக்கொண்டே நான் எங்கே இருக்கிறேன் என்று சொல்லுவேன், டயர் சொல்லிவிடும். கம்பெனி வாசல் ஜல்லியில் நறநற. சர்வீஸ் ரோட்டில் ஒரு கரகரப்பு. மேம்பாலம் ஏறினால் இணைப்புக்கு இணைப்பு டக், டக், டக் என்று ஒரே தாளம், அதில்தான் ஆழ்ந்த தூக்கம் வரும். அடுகோடி திருப்பத்துக் குழியில் நெற்றி கண்ணாடியில் இடிக்கும். அதற்கு முன்னாலேயே உன் குரல் வந்துவிடும்.

கம்பெனி அந்த வேனைக் கழித்துக் கட்டியபோது நீ வாங்கிவிட்டு வந்து, "பாதி எனக்கு, பாதி உனக்கு" என்றாய். உனக்குப் பைத்தியம் என்றேன். பின் சீட்டுகளைக் கழற்றி ஒரு கட்டில், ஒற்றை அடுப்பு, ஐம்பது லிட்டர் தண்ணீர்த் தொட்டி, உன் பழைய புடவையில் திரை. எதிர்வீட்டம்மா, "ரெண்டு பொம்பளைங்க, இந்த வயசுல, வண்டியில குடித்தனமா?" என்றாள். "யானை படுத்தாலும் குதிரை மட்டம்கா, நம்ம வண்டிக்கு இன்னும் உசுரு இருக்கு" என்று நீ சிரித்தாய். அவள் கேட்டது வண்டியைப் பற்றியா என்ன?

முதல் பயணத்துக்கு முன் டயர் மாற்ற வேண்டும் என்றாய். நான் கோலமாவு, ஊறுகாய், கொசுவலை என்று பட்டியல் போட்டுக்கொண்டிருந்தேன். நீ என்னடாவென்றால் வண்டியில் எல்லாச் சாமானையும் ஏற்று என்றாய். கேஸ், அரிசி, பாத்திரம், தொட்டி நிறையத் தண்ணீர். "டயர் மாத்தத்தானே போறோம், அரிசி எதுக்குடி?" என்றேன். நேராக லாரிகள் எடை போடும் மேடையில் கொண்டுபோய் நிறுத்தினாய். முன்னால் ஒரு மணல் லாரி, பின்னால் ஒரு இரும்பு லாரி, நடுவில் பூப்போட்ட திரையோடு நாம். நான் வெட்கப்பட்டு இறங்கப் போனேன்.

"எங்க எறங்குற? உக்காரு. நீயும் லோடுதான்."

ஊர் முழுக்கச் சிரித்த மாதிரி இருந்தது எனக்கு. மணல் லாரி டிரைவர் உண்மையிலேயே சிரித்தான். நீ சீட்டை வாங்கிக்கொண்டு அடுகோடி டயர் கடைக்குப் போனாய். கடைக்காரர் காரில் போடும் டயரை எடுத்துப் போட்டார், அளவு ஒன்றுதான், சொகுசாகப் போகும் என்றார். நீ எடைச் சீட்டை அவர் முகத்துக்கு நேரே நீட்டினாய். "அளவு ஒண்ணா இருந்தா போதுமா? இது ஆள் ஏத்திட்டு எறக்கிட்டு வர்ற காரு இல்ல. எப்பவும் வீட்டையே சுமந்துட்டு நிக்கிற வண்டி. லோடு தாங்குற டயர் குடுங்க." அவர் உள்ளே போய் வேறு கொண்டுவந்தார். அப்போதும் விட்டாயா? தரையில் மண்டியிட்டு, டயரின் பக்கவாட்டில் கையால் தடவி, குட்டியாக ஒரு நான்கு இலக்கத்தைக் கண்டுபிடித்தாய். முதல் இரண்டும் வாரம், பின் இரண்டும் வருஷம், அதுதான் டயர் பிறந்த தேதி என்றாய். ஐந்தில் ஒன்று பழசு. திருப்பிக் கொடுத்துவிட்டாய். பெண் பார்க்கப் போன இடத்தில் ஜாதகத்தைத் திருப்பிக் கொடுத்த மாதிரி அவர் முகம் போன போக்கு இருக்கிறதே.

அந்த ஐந்து டயரில்தான் நாம் ஒகேனக்கல் போனோம், ஏலகிரி போனோம், மழை பிடித்து எங்கோ ஒரு புளிய மரத்தடியில் இரண்டு நாள் கிடந்தோம். கூரைத் தகரத்தில் மழை, உள்ளே ரசம் கொதிக்கிற வாசனை, நீ காலை நீட்டிப் படுத்துக்கொண்டு, "இப்ப நம்ம எந்த ஊர்ல இருக்கோம்?" என்று கேட்டாய். தெரியாது என்றேன். "நல்லது" என்று சொல்லித் தூங்கிப் போனாய். என் வாழ்க்கையில் நான் எந்தக் கவலையும் இல்லாமல் இருந்த இரண்டு நாள் எது என்று யாராவது கேட்டால் அதைத்தான் சொல்வேன்.

பிறகு பத்து நாள் காய்ச்சல், அவ்வளவுதான். நீ போய்விட்டாய்.

நான் வண்டியை விடவில்லை, அதை மட்டும் நம்பு. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் சந்தாபுரா போய் ஸ்டார்ட் செய்து கால் மணி நேரம் ஓட விடுவேன். உன் சீட்டில் உட்காராமல் என் சீட்டில் உட்கார்ந்து இன்ஜின் சத்தத்தைக் கேட்பேன். நகர்த்த மட்டும் மனம் வராது. நீ கடைசியாக நிறுத்திய இடம் அது. ஒவ்வொரு ஆயுத பூஜைக்கும் கழுவி, பொட்டு வைத்து, சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைப்பேன். மறுநாளும் பழம் நசுங்காமல் அப்படியே இருக்கும்.

டயர் வெளுத்துப்போய்ச் சாம்பல் பூத்த மாதிரி நிற்பதைப் பார்க்கச் சகிக்கவில்லை எனக்கு. விளக்கேற்றி மிச்சமான எண்ணெயைத் துணியில் தொட்டு ஐந்து டயருக்கும் தேய்த்தேன். பளபளவென்று வந்தது. அடுத்த வருஷமும் தேய்த்தேன், அதற்கடுத்த வருஷமும். கம்பெனி பூஜையில் எங்களில் ஒருத்தி எண்ணெய்க் கிண்ணத்தோடு வந்தபோது, "ரப்பருக்கு எண்ணெய் ஆகாதுடி, தண்ணில தொடச்சா போதும்" என்று நீ விரட்டியது எனக்கு நினைவில்லாமல் இல்லை. நினைவிருந்தும் செய்தேன். உன் டயர் உன்னை மாதிரியே கறுப்பாக, மினுமினுப்பாக இருக்க வேண்டும் என்று ஒரு ஆசை.

வெள்ளிக்கிழமை சந்தாபுரா டயர் கடை பாயைக் கூட்டிக்கொண்டு மனைக்குப் போனேன். குனிந்து பார்த்தார். "தரையில பதியிற பட்டன் எல்லாம் புதுசாட்டம் இருக்கே பாய்" என்று நானே முந்திக்கொண்டு சொன்னேன். அவர் கட்டைவிரலால் பக்கவாட்டை அழுத்தினார். வறண்ட ஏரி மண் மாதிரி வெடிப்பு, உள்ளே நூல்கூடத் தெரிந்தது.

"நோடி மா, இங்க பாருங்க, பட்டன் இருந்து என்ன? பக்கம் செத்துப் போச்சு. ஒரே எடத்துல நின்னு நின்னு அடியும் சப்பையாயிருக்கு. எண்ணெய் யாரு போட்டது?"

"நான்தான்."

"ஏன் மா?"

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "அழகா இருக்கட்டும்னுதான் போட்டேன், வேற எதுக்குப் போடுவாங்க?" என்று கத்திவிட்டேன். அவர் கையைத் துடைத்துக்கொண்டார். பிறகு மெதுவாக, "ஓடுற டயர் தேயும் மா, பரவால்ல. நிக்கிற டயருதான் உள்ளுக்குள்ளயே போயிடும்" என்றார். பாவம், அவருக்கு என்ன தெரியும் என்னைப் பற்றி. எனக்குத்தான் சுருக்கென்றது. மூன்று வருஷமாக நான் எங்கே போனேன்? வேலை, வீடு, ஞாயிற்றுக்கிழமை சந்தாபுரா. வேறு எங்குமே போகவில்லை.

அவர் கடையில் எனக்கும் கார் டயர்தான் முதலில் வந்தது. நான் உன் எடைச் சீட்டை நீட்டினேன். "இது வீட்டைச் சுமக்கிற வண்டி" என்றேன். குரல் உன்னுடையது மாதிரி எனக்கே கேட்டது. முட்டி வலியோடு மண்டியிட்டு, ஒவ்வொரு டயரிலும் நான்கு இலக்கத்தைத் தேடிப் படித்தேன். கண்ணாடி போட்டும் தெரியவில்லை, விரலால் தடவித்தான் படித்தேன். பாய் பொறுமையாக நின்றார்.

ஒன்றில் மட்டும் தகராறு செய்தேன். ஸ்டெப்னி ஓடவே இல்லை, உன் டயரில் அது ஒன்றாவது இருக்கட்டும் என்று கேட்டேன். "பேடா மா, வேணாம்" என்றார். "அதுக்கும் அதே வயசு, அதே எண்ணெய். ஸ்டெப்னி எப்ப தேவைப்படும்? நடு ரோட்ல, ஆபத்துல. அப்ப ஏமாத்துனா?" நீ இருந்திருந்தாலும் இதைத்தான் சொல்லியிருப்பாய், என்னை இன்னும் நாலு திட்டுத் திட்டி. சரி என்றேன். அவருடைய லோடு ஆட்டோவில் உன் ஐந்து டயரும் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறிப் போயின. மனையில் செங்கல் முட்டுக்கொடுத்து நின்ற வண்டிக்குப் பக்கத்தில் நின்று அழுதேன். உன் தம்பி டீ வாங்கிவந்து கொடுத்தான். அவன் கண்ணும் சரியில்லை.

அன்று ஒரு கனவு. நம் வேன் மேம்பாலத்தில் போகிறது, டயர் சுற்றுகிறது, ஓசையே இல்லை. எல்லாரும் தூங்குகிறார்கள், நான் மட்டும் விழித்திருக்கிறேன். உன்னைக் கூப்பிடுகிறேன். நீ திரும்பவில்லை, முன் கண்ணாடியில் உன் கண் மட்டும் தெரிகிறது, சிரிக்கிற கண். டக் டக் சத்தம் எங்கேடி என்று கேட்கிறேன், நீ பதில் சொல்வதற்குள் விழிப்பு வந்துவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை காலை புது டயரில் வண்டி மனையை விட்டு இறங்கியது. முதலில் எடை மேடைக்குத்தான் போனேன். கேஸ், அரிசி, பாத்திரம், தொட்டி நிறையத் தண்ணீர், எல்லாம் பழையபடி. நான் இறங்கவில்லை, நானும் லோடுதானே. இரண்டாயிரத்து நூறு என்று வந்தது. அறுபது கிலோ குறைவு. ஐம்பத்திரண்டு கிலோதான் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தாயே, மாட்டிக்கொண்டாய். நானும் கொஞ்சம் இளைத்திருக்கிறேன், அந்தக் கழிவை வேண்டுமானால் உனக்குத் தருகிறேன். சிரிப்புத்தான் முதலில் வந்தது. பிறகு அந்தச் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு, நீ இல்லாததை ஒரு மெஷின் அச்சடித்துக் கொடுத்துவிட்டதே என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். பின்னால் லாரிக்காரன் ஹாரன் அடித்தான்.

காற்றுப் பிடிக்க மறுபடி பாய் கடை. "எவ்ளோ வைக்கட்டும் மா? சீட்டு குடுங்க." புதுச் சீட்டு ஒரு கையில், உன் சீட்டு ஒரு கையில். உன்னுடையதை நீட்டினேன். அவர் திருப்பிப் பார்த்துவிட்டு, "ரெண்டு பேரோடன்னு இருக்கு. நீங்க ஒருத்தர்தானே போறீங்க?" என்றார்.

"ரெண்டு பேர் போற வண்டி பாய் இது."

அவர் நிமிர்ந்து இடப்பக்கக் காலி சீட்டைப் பார்த்தார். ஒரு ஆளுக்காகக் காற்று ஒன்றும் மாறிவிடாது, அது அவருக்கும் தெரியும். முன்னாடி நாற்பது, பின்னாடி ஐம்பது வைத்தார்.

வண்டி இனி என் தெருவில், எதிர் ஒர்க்‌ஷாப் சுவரோரம் நிற்கும். நிற்கும் என்றா சொன்னேன்? மாதம் ஒரு முறையாவது எங்காவது போகும். எண்ணெய் இனி விளக்குக்கு மட்டும்.

பொம்மசந்திரா தாண்டியதும் மேம்பாலம் ஏறினேன். லாரிகள் இரண்டு பக்கமும் உறுமிக்கொண்டு போயின. அப்புறம் கீழே இருந்து வந்தது, டக், டக், டக். அதே தாளம், புது டயரில் கொஞ்சம் மெத்தென்று. எனக்கும் கண்ணை மூடிக் கேட்க ஆசைதான். முடியாதே, இப்போது ஓட்டுவது நான்.

பதினான்கு வருஷம் எங்களையெல்லாம் தூங்க விட்டு நீ விழித்திருந்தாய். வெயில் இடப்பக்கச் சீட்டில்தான் விழுகிறது, இனி அது உன் இடம். சாய்ந்துகொள். தூங்குடி, அடுகோடி வந்தால் எழுப்புகிறேன்.