மீனுக்கு விரித்த கொசுவலை

அன்புள்ள அவினோ,

அந்தப் பாசெல் குளிரில் நீ காய்ச்சல் தலைவலி இல்லாமல் இருக்கிறாய் என்று நம்பி எழுதுகிறேன். இங்கே எல்லோரும் நலம் என்று எழுத இன்றைக்குத்தான் முடிகிறது, அதனால்தான் மூன்று வாரத் தாமதம். உன் தம்பி ஒகோத்துக்கு மலேரியா வந்து, வலிப்பும் கண்டு, நான்கு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தோம். பயப்படாதே, இப்போது பால் குடிக்கிறான், என் கண்ணாடியைப் பிடுங்குகிறான். போனில் ஏன் சொல்லவில்லை என்று கேட்காதே, போனில் என்றால் திட்டித் தீர்த்திருப்பேன், எழுதும்போது கொஞ்சம் யோசித்துத் திட்டலாம். ராத்திரி அவன் நெற்றியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தே எனக்குத் தூக்கம் போய்விட்டது. உன்னைப் பெற்றபோது பதினெட்டு வயது, எதற்கும் பயமில்லை. நாற்பதில் பெற்ற இவனுக்கு ஒரு தும்மல் வந்தால் எனக்கு உயிர் போகிறது.

விஷயம் என்னவென்றால், ஆறாம் மாதமே அவனுக்கு மலேரியா தடுப்பூசி போட்டிருக்க வேண்டும். போனேன். நர்ஸ் ரோஸ்லின் உதட்டைப் பிதுக்கினாள். "ஓடைக்கு அந்தப் பக்கத்துப் பிள்ளைங்களுக்குத்தான் டீச்சர் இப்ப. மருந்து கொஞ்சமா வருது, எங்க காய்ச்சல் ஜாஸ்தியோ அங்க முதல்லன்னு கணக்குப் போட்டு அனுப்பிருக்காங்க. உங்க பக்கம் அடுத்த வருஷம். உங்க மக போட்ட கணக்கை என்கிட்ட வந்து கேக்குறீங்களே" என்று சிரித்தாள். எனக்கு முகம் எரிந்தது. ஏனென்றால் எந்த ஊரில் எவ்வளவு மலேரியா என்று நீங்கள் கணக்குப் போட்டு, நீ அனுப்பிய அறிக்கையை உன் அப்பா போனில் வைத்துக்கொண்டு ஏரிக்கரையில் ஒரு படகு விடாமல் காட்டினார், பதினோரு பேரில் மூன்றாவதாக உன் பெயர். அதிலிருந்த வரைபடத்தில் காய்ச்சல் அதிகம் என்று ஓடைக்கு அந்தப் பக்கம் அடர்சிவப்பு, குறைவு என்று நம் பக்கம் வெளிர்மஞ்சள். அவரும் "பாரு, நம்ம ஊரு எவ்வளவு அழகா இருக்கு" என்று காட்டினார்.

ஆஸ்பத்திரியில் ஒகோத்தை மடியில் போட்டுக்கொண்டு அந்த நாற்பது பக்கத்தையும் படித்தேன். உனக்கு வாய்ப்பாடு சொல்லிக்கொடுத்தவள் நான், எனக்குப் புரியாது என்று நினைக்காதே. இங்கே ரத்தம் எடுத்துப் பார்த்து ஆறு வருஷம் ஆகிறது, அதற்குப் பிறகு நூற்றுக்கு எண்பத்தெட்டு பேர் கொசுவலைக்குள் தூங்குகிறார்கள் என்று வைத்து, அந்த அளவுக்குக் காய்ச்சலைக் குறைத்துப் போட்டிருக்கிறீர்கள். எண்பத்தெட்டு! அவினோ, நீ எந்த ஊரில் பிறந்தாய்? அரசாங்கம் கொடுத்த வலையெல்லாம் எங்கே போகும் என்று உனக்குத் தெரியாதா? பள்ளிக்கூடம் விட்டு வந்து அந்த வலைமேல் ஓமெனாப் பொடிமீனைக் காயப் பரப்பிக் காக்காய் விரட்டியவள் நீதானே? உன் சித்தியிடம் கேட்டால் இன்றைக்கும் அதே பதில்தான்: "மண்ணு ஒட்டாம காயுது அக்கா, சந்தையில நல்ல விலை நிக்குது. கொசு என்ன இன்னிக்கு நேத்தா வருது?" பாசெலில் உட்கார்ந்து அந்த எண்ணைப் பார்த்தபோது உனக்கு மீன் நாற்றம் அடிக்கவில்லையா?

இப்போது மீதியையும் எழுதிவிடுகிறேன். போன வருஷம் நைரோபியிலிருந்து கணக்கெடுக்க வந்த பெண், கையில் ஒரு டேப்லெட், மாமரத்தடியில் உட்கார்ந்து எல்லோரையும் சுவாஹிலியில் கேட்டாள், "நேத்து வலை விரிச்சீங்களா?" கரை முழுக்க ஒரே பதில், "விரிச்சோமே." அவள் கட்டிலை நினைத்துக் கேட்டாள், இவர்கள் கரையை நினைத்துச் சொன்னார்கள், பொய் என்று ஒருத்தரையும் சொல்ல முடியாது. என்னைத் தவிர. அவள் எதைக் கேட்கிறாள் என்று எனக்கு நன்றாகத் தெரியும். நம் வீட்டு வலை அப்போது சித்தியின் மீனுக்கு அடியில் கிடந்தது, சித்தி பக்கத்திலேயே நின்று வேடிக்கை பார்த்தாள், டீச்சர் வீட்டிலேயே இல்லையா என்று கேட்பார்களே என்று நானும் "விரிச்சோம்" என்றேன். ஒகோத் அப்போது என் வயிற்றில் இருந்தான்.

ரோஸ்லின் நல்லவள்தான், ஊசிக்குப் போன அன்றே பிறகு காதோடு சொன்னாள், "அந்தப் பக்கம் உங்க அக்கா வீட்டு விலாசத்தைச் சொல்லுங்க, நான் ஒண்ணும் கேக்கல." சொல்லவில்லை. அது அங்கே ஒரு குழந்தைக்கு வந்த மருந்து, என் பங்குக்கு ஒரு பொய் சொன்னது போதும். வரும் வழியெல்லாம் நான் முட்டாளோ என்று அழுதேன், அது வேறு. ஆனால் நம் பக்கம் அடுத்த வருஷம் வரை காத்திருக்க முடியாது, ஒகோத் இருந்த வார்டிலேயே நம் கரைப் பிள்ளைகள் ஆறு பேர். அறிக்கை போட்ட உங்கள் குழுப் பெரியவரிடம் சொல், எண் தப்பு என்று சொல்லக் கூச்சப்படாதே, அம்மா சொன்னாள் என்று வேண்டுமானாலும் சொல். இனி கணக்கெடுக்க வருகிறவர்கள் மாமரத்தடியில் உட்கார்ந்து கேட்க வேண்டாம், உள்ளே வந்து கட்டிலைப் பார்க்கட்டும்.

அப்பா உன்னைக் கேட்டார், ஞாயிற்றுக்கிழமை அவருக்குப் போன் செய், அந்த மஞ்சளைப் பற்றி மட்டும் நீ எடுக்காதே, அவருக்கு நான் பக்குவமாகச் சொல்கிறேன். நேரத்துக்குச் சாப்பிடு, காதை மூடிக்கொண்டு வெளியே போ. கடவுள் உன் கையையும் புத்தியையும் காக்கட்டும். கூடவே ஒரு பட்டியல் வைத்திருக்கிறேன், தொலைத்துவிடாதே. பள்ளிக்கூடம் விட்டதும் ஒகோத்தை முதுகில் கட்டிக்கொண்டு ஐம்பத்து மூன்று வீட்டுக்குள்ளும் போய் நானே பார்த்து எழுதியது, கட்டிலுக்கு மேல் வலை இருந்தது ஒன்பது வீட்டில். நான் எழுதியபோது இருந்தபடியே இருக்கட்டும் என்று ஒன்றையும் திருத்தவில்லை. முதல் வரி நம் வீடு, சித்தியிடமிருந்து வலையை வாங்கிக் கட்டியது அதை எழுதிய பிறகுதான். அதில் "இல்லை" என்று இருக்கும்.

உன் அம்மா,
பெனினா