ரப்பர் குழாயின் மறுமுனை

மார்ச் 2, திங்கள்

கார் தும்முகிறது. நின்ற இடத்தில் ஓடவிட்டால் இன்ஜின் ஏறுகிறது, இறங்குகிறது, மூச்சு வாங்குகிறது. ஆக்சிலரேட்டரை மிதித்தால் சமர்த்தாகிவிடுகிறது. நேற்று கொழுந்தியாள் வீட்டிலிருந்து திரும்பும்போது மூன்று சிக்னலிலும் அணைந்து மானத்தை வாங்கியது. முப்பத்தெட்டு வருடம் டாக்சி ஓட்டியவன் நான்.

எனக்கு எழுத்து வராது. நான் சொல்கிறேன், வீட்டுக்காரி எழுதுகிறாள். சொன்னதை அப்படியே எழுதவேண்டும், சொந்தச் சரக்கைச் சேர்க்கக்கூடாது என்று பேச்சு.

மார்ச் 4, புதன்

மெக்கானிக் ஒரு சின்னப் பெட்டியைச் சொருகிப் பார்த்தார். "காத்து ஜாஸ்தி, பெட்ரோல் கம்மின்னு காட்டுது ஐயா. எதனாலன்னு இது சொல்லாது. எல்லாத்தையும் இறக்கிப் பாக்கணும். பேசாம வண்டியத் தள்ளிவிட்டுடுங்களேன்."

இருபதாம் தேதி புகைச் சோதனை. தேறாவிட்டால் காரை ரோட்டில் இறக்கக்கூடாது. இவள் தங்கை படுக்கையில் விழுந்து இரண்டு வருடமாகிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் இவள் போய்த்தான் தலைக்குக் குளிப்பாட்டி நகம் வெட்டிவிட்டு வருகிறாள். அந்தப் பக்கம் பஸ் கிடையாது.

"வண்டி இல்லேன்னா?" என்றாள். 

நானே பார்க்கிறேன் என்றேன்.

மார்ச் 5, வியாழன்

பிளக் நான்கையும் கழற்றினேன். நான்கும் வெள்ளை, சுண்ணாம்பு தடவியது போல. ஒழுங்காக எரிகிற இன்ஜினில் பிளக் பிஸ்கட் நிறத்தில் இருக்கும். பெட்ரோல் கிடைக்காமல் பட்டினி கிடக்கிறதா? இல்லை, எங்கிருந்தோ திருட்டுத்தனமாகக் காற்றைக் குடிக்கிறதா? இரண்டில் ஒன்று.

மார்ச் 7, சனி

பெட்ரோல் ஃபில்டரை மாற்றினேன். தும்மல் குறையவில்லை. அப்படியானால் பட்டினி இல்லை, திருட்டுதான்.

அடுப்பில் கெட்டில் வற்றிக் கரிந்துவிட்டது. "விசில் கத்திக் கத்தி ஓஞ்சே போச்சு. பக்கத்துலதானே உக்காந்திருந்தீங்க?" யோசனையில் இருந்தேன் என்றேன். இதை எழுதாதே என்றும் சொன்னேன். எழுதினாளா இல்லையா என்று நான் எங்கே கண்டேன்?

மார்ச் 8, ஞாயிறு

முக்கி முனகிப் போய்ச் சேர்ந்தோம்.

கொழுந்தியாள் என்னோடு பேச்சை நிறுத்தி ஒரு வருடம் இருக்கும். முன்பெல்லாம் நான் படியேறும்போதே, "அத்தான் வந்தாச்சு, நாற்காலியெல்லாம் பத்திரம்" என்று கேலி செய்வாள். இப்போது அறைவாசலில் நான் உட்கார்ந்தால் பார்க்கிறாள், அவ்வளவுதான். நானும் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். என்ன குற்றம் செய்தேன்? அவள் கல்யாணத்தன்று கார் பஞ்சரானதுவரை நினைவில் ஓட்டிப் பார்த்துவிட்டேன். அகப்படவில்லை. இவளிடம் கேட்டால், "உங்க ரெண்டு பேர் சண்டைக்கு நான் வரல" என்கிறாள்.

மார்ச் 11, புதன்

இரண்டடி ரப்பர் குழாய் எடுத்துக்கொண்டேன். ஒரு முனை காதில். மறுமுனையை ஓடுகிற இன்ஜினின் ஒவ்வொரு மூட்டாகக் காட்டவேண்டும். காற்றைத் திருடுகிற இடம் சீறும். எழுபத்தொன்பதில், மலைப்பாதையின் ஏழாவது வளைவில், கொட்டுகிற மழையில், பிரசவ வலியோடு ஒரு பெண் பின்சீட்டில் இருக்க இப்படித்தான் ஐந்தே நிமிடத்தில் பிடித்தேன்.

இன்று ஒரு மணி நேரம். தடதடப்பு கேட்கிறது. சீறல் இல்லை.

மார்ச் 12, வியாழன்

இன்றும் இல்லை. காற்று எந்த வழியாகத்தான் போகிறது?

மார்ச் 14, சனி

கொடியில் துணி எடுக்க வந்தவள் நின்று பார்த்தாள்.

"அப்படி என்னத்தத் தேடுறீங்க?"

"சீறுற சத்தத்த."

"அதான் சீறுதே."

"எங்க சீறுது?"

"பாம்பு மாதிரி ரெண்டு வாரமா சீறுது. காருன்னா அப்படித்தான் போலன்னு இருந்தேன். நீங்க ஒரு வார்த்த கேக்கலியே."

குழாயை அவள் காதில் கொடுத்தேன். இத்தனை வருடத்தில் அவள் பானெட்டுக்குள் தலையை விட்டது இன்றுதான். "இன்னும் கீழ... அந்தப் பக்கம்... ஆங், இங்க. யப்பா, காது கூசுது."

இன்ஜினிலிருந்து பிரேக்குக்குப் போகிற தடித்த காற்றுக்குழாய். அதன் வளைவுக்கு அடியில், முகக்கண்ணாடியைக் காட்டிப் பார்த்தால்தான் தெரிகிற இடத்தில், நகத்தளவு கீறல். சோப்புத் தண்ணீரைத் தொட்டு வைத்தேன். இன்ஜின் ஒரு நொடி சீரானது. நீரை உறிஞ்சிவிட்டு மறுபடி மூச்சு வாங்கியது. அதேதான்.

அதே இடத்தில் குழாயை வைத்து நானும் கேட்டேன். ஒன்றுமில்லை. இன்னொரு காது. ஒன்றுமில்லை.

"கேக்குதா?" என்றாள். கேட்கிறது என்றேன்.

கேட்கவில்லை. இதைச் சொன்னதும் பேனாவை நிறுத்திவிட்டு என்னைப் பார்க்கிறாள். எழுது.

மார்ச் 16, திங்கள்

புதுக் குழாய் மாட்டினேன். பூனை தூங்குவது போல ஓடுகிறது. அப்படித்தான் ஓடுகிறது என்று இவள் சொன்னாள்.

மார்ச் 20, வெள்ளி

சோதனையில் தேறிவிட்டது. பிளக் பிஸ்கட் நிறம். செவ்வாய்க்கிழமை காது டாக்டர்.

கெட்டில் கேட்கவில்லை. சீறல் கேட்கவில்லை. வேறு என்னவெல்லாம் கேட்காமல் விட்டேன்?

மார்ச் 22, ஞாயிறு

ஒரு சிக்னலிலும் அணையவில்லை.

இவள் வெந்நீர் போட அடுப்படிக்குப் போனாள். நான் வாசலிலிருந்து நாற்காலியைக் கட்டிலோரம் நகர்த்திப் போட்டேன். கொழுந்தியாள் என்னைப் பார்த்தாள். உதடு அசைந்தது. சும்மா பார்க்கிறாள் என்றுதான் இத்தனை நாளாக நினைத்திருந்தேன். அசைந்ததை அங்கிருந்து கவனித்ததே இல்லை.

புதுக் குழாயில் மிச்சம் வெட்டிய துண்டு பையில் இருந்தது. ஒரு முனையை என் காதில் வைத்து, மறுமுனையை அவள் வாயருகே பிடித்தேன். கிழவனுக்குப் புத்தி பிசகிவிட்டது என்று நினைத்திருப்பாள். சிரித்தாள். பிறகு சன்னமாக, நூல் போல, அவள் குரல் வந்தது.

"ஒரு வருஷமா நான் என்ன கேட்டாலும் ஜன்னலையே பாத்துட்டு உக்காந்திருக்கீங்களே அத்தான். நான் என்ன தப்பு பண்ணேன்?"

வெந்நீர் ஆறிப்போய், இவள் மறுபடி சுடவைத்தாள்.