முன்வந்தவர்கள்

2 மார்ச் 2025, ஞாயிறு
முருகனுக்கு விளக்கேற்றிவிட்டுக் கூடத்துக்கு வந்தேன். இவர், இங்கே சிங்கப்பூரிலேயே செம்பவாங்கில் இருக்கும் தம்பி ஸ்ரீநாத்துடன் போனில். "அப்பாவப் பாத்துக்க ரஞ்சிதமே முன்வந்திருக்கா லா. நீ கவலைய விடு."
நானா? என்னை யார் கேட்டது? ஏப்ரலில் கோயில் குழுவோடு பழனிக்குப் போகப் பெயர் கொடுத்திருக்கிறேனே. எத்தனை வருடத்து ஆசை, அந்தப் பங்குனி உத்திரம்.

5 மார்ச்
மாமாவுக்கு, இவருடைய அப்பாவுக்கு, கண் தெரிவதில்லை. அவருடைய பிஸ்கட் டின்னில் இருக்கும் ஜப்பான்காரர்கள் இங்கே ஆண்ட காலத்துச் செய்தி இதழ்களை நான்தான் வாசித்துக் காட்டுகிறேன். இன்று வந்த வரி: 'சயாம் ரயில் பாதை வேலைக்குத் தோட்டத் தொழிலாளர் பலர் உற்சாகத்துடன் முன்வந்தனர்.'
மாமா இருமல் வரும்வரை சிரித்தார். "எங்கப்பாவ லாரியில பின்னால தூக்கிப் போட்டாங்கம்மா. முன்ன எங்க வர்றது?"
அவர் அப்பா திரும்பவே இல்லை.

8 மார்ச்
மற்ற இதழ்களிலும் தேடினேன். அரிசி கொடுக்க முன்வந்தனர். நகை கொடுக்கப் பெண்கள் முன்வந்தனர். ஒருவருக்கும் பெயரில்லை. வரவு ஒரு பக்கம், செலவு ஒரு பக்கம் என்று எழுதிப் பழகியவள் நான். இந்தச் சொல்லை எந்தப் பக்கத்தில் எழுதுவது?

9 மார்ச்
ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று இவரிடம் கேட்டேவிட்டேன். "பெருமையாத்தானே சொன்னேன்? பழனி எங்க ஓடிப்போகுது?"
முருகா, கதவு தொறந்துதான் கெடக்கு. போகத்தான் முடியல.

15 மார்ச்
குடும்ப வாட்ஸ்அப் குழுவில் எழுதினேன்: 'ஏப்ரலில் இரண்டு வாரம் மாமாவைத் தன் வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ள ஸ்ரீநாத் முன்வந்திருக்கிறார்.'
பினாங்குச் சித்தி வரை எல்லாரும் வாழ்த்திவிட்டார்கள். பிறகு போன்.
"அண்ணி, நான் எப்ப சொன்னேன்?"
"அதானே தம்பி. நான் எப்ப சொன்னேன்?"
"எந்த தேதி அண்ணி?" என்றார்.

16 மார்ச்
இவர் என்னோடு பேசவில்லை. பரவாயில்லை.

5 ஏப்ரல், சனி
என் பெட்டி வாசலில். மாலை விமானம். ஸ்ரீநாத் கார் கொண்டுவந்தார். அண்ணனும் தம்பியுமாக மாமாவைத் தூக்கிப் பின் சீட்டில் உட்காரவைத்தார்கள். பிஸ்கட் டின்னை அவர் மடியில் வைத்தேன். இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.
"என்னை எங்க கூட்டிட்டுப் போறாங்கம்மா?"
இத்தனை நாளில் அவரை ஒருவரும் கேட்கவில்லை. நானும்தான்.