நெஞ்சைச் சுற்றிய வேட்டி

வெள்ளவத்தை
14.02.1998

அன்பு மகள் கௌரிக்கு,

வெட்கத்தை ஒரு பக்கம் வைத்துவிட்டு எழுதுகிறேன். மருமகனுக்கு வாசித்துக் காட்டாதே. அறுபத்திமூன்று வயதில் உன் அப்பாவுக்கு மார்பு வளருது. கொழுப்பு என்றுதான் முதலில் நினைத்தேன். தொட்டால் நோகுது. அம்மா இருந்திருந்தால், "இனி என்ரை சட்டையையே போடுங்கோ" என்று ஊரைக் கூட்டியிருப்பாள்.

டொக்டரிடம் சொல்ல வாய் வரவில்லை. எட்டாம் வகுப்போடு நின்ற மூளை ஒரு வழி கண்டுபிடித்தது. பழைய வேட்டியைக் கிழித்து நெஞ்சைச் சுற்றி இறுக்கிக் கட்டி, மேலே சேர்ட்டைப் போட்டேன். கண்ணாடியில் பார்த்தால் பொலிஸ் இன்ஸ்பெக்டர்தான்! அந்தக் கோலத்தோடு, மாதாமாதம் காட்டும் கொள்ளுப்பிட்டி இருதய டொக்டரிடம் போக பஸ் ஏறினேன்.

கொழும்பில், இந்தக் காலத்தில், ஒரு தமிழன் நெஞ்சில் எதையாவது கட்டிக்கொண்டு பஸ் ஏறலாமா? அதை யோசிக்க ஒன்பதாம் வகுப்பு வேண்டும் போல.

பம்பலப்பிட்டிச் சென்றியில், ஆமியின் சோதனைச் சாவடியில், மறித்தார்கள். என்னைத் தடவிய ஆமிப் பெடியன், சுட்டதுபோல் கையை எடுத்துக் கத்தினான். சனமெல்லாம் நிலத்தில் விழுந்து படுத்தது. துவக்குகளுக்கு முன்னால் சேர்ட்டைக் கழற்றி, வேட்டியை நானே சுற்றுச் சுற்றாக அவிழ்த்தேன். கடைசியில் உள்ளே நான்தான் இருந்தேன். அந்தப் பெடியன் சிரித்தான். "நங்கி, சேர்ட்டைப் போடுங்க" என்றான். தங்கச்சியாம் நான்.

அதோடும் விடாமல் பொலிஸுக்குக் கொண்டுபோனார்கள். கீழ்க்கடை ஸாலிஹ் நானாதான் அங்கே வந்து, சிங்களத்தில் கதைத்துக் கூட்டிவந்தார். இருதயத்துக்கு நான் போடும் குளிசையின் பேரைப் பின்பக்கம் எழுதியிருக்கிறேன். நீ வேலை செய்யும் பார்மசியில் கேட்டுச் சொல்லு.

அன்புடன்,
அப்பா


ரொறன்ரோ
09.03.1998

என் அப்பாவுக்கு,

நான் சிரிக்கேல்லை. பஸ்ஸில் வாசித்து, இறங்குகிற இடத்தையே தவறவிட்டேன். நீங்கள் பகிடி விடவிடத்தான் எனக்குப் பயம் கூடுது.

இது உங்கட குளிசையின் வேலை, அப்பா. நீர் வடிய இருதய டொக்டர் தந்த அந்த ஸ்பைரோனோலக்டோன் சில ஆம்பிளைகளுக்கு இப்படிச் செய்யுமாம். கனபேர் வெட்கத்தில் சொல்வதேயில்லையாம். டொக்டரிடம் சொன்னால் வேறு குளிசை தருவார். ஆனால் நீங்களாக மட்டும் நிப்பாட்டிப் போடாதேங்கோ. திரும்ப நீர் கட்டும். முதலில் கால் வீங்கும், பிறகு மூச்சு முட்டும்.

சித்திரை வருசத்தன்று நானாவின் கடைக்கு ரெலிபோன் எடுப்பேன். அதுக்குள்ளே டொக்டரிடம் போய்விட்டு வாங்கோ. விசா வந்ததும் நீங்கள் இருக்க அறைக்குப் பெயின்ற் அடித்தாயிற்று.

உங்கள் கௌரி


வெள்ளவத்தை
15.04.1998

அன்பு மகள் கௌரிக்கு,

நேற்று உன் குரல் கேட்டது பெரிய சந்தோசம். "குளிசை மாத்தியாச்சோ அப்பா?" என்றாய். "ஓம், ஓம். பயில்வான் மாதிரி இருக்கிறன்" என்றேன். பருப்பு வாங்க வந்த லுத்பியா ராத்தாவும், ரெலிபோனுக்குக் காத்து நின்றவர்களும் என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

ஸாலிஹ் நானா மட்டும் என் காலைப் பார்த்தார். பழைய செருப்புக் கொள்ளவில்லை என்று பத்து நாளுக்கு முன் அவரிடம்தான் பெரிய அளவு வாங்கினேன். அன்றைக்கே, "கால் வளர்ற வயசா இது?" என்றார். "மேலே வளர்ந்தது கீழே இறங்குது, நானா" என்றேன். அவர் சிரிக்கவில்லை. "ஓட்டோ பிடிக்கிறன். நானும் டொக்டர்ட்ட வாரன்" என்றார். நாளைக்கு என்றேன். ஒவ்வொரு நாளும் அவர் கேட்கிறார், நானும் நாளைக்கு என்கிறேன்.

பிள்ளை, நான் டொக்டரிடம் போகவேயில்லை. மார்பு வற்றட்டும், பிறகு சென்றியைத் தாண்டலாம் என்று குளிசையை நிப்பாட்டினேன். மார்பு வற்றவில்லை, கால்தான் பெருத்தது. இப்போது படுக்க முடியவில்லை. தலையணைகளை அடுக்கிச் சாய்ந்திருந்து, யன்னலால் காலி வீதியைப் பார்க்கிறேன். கொள்ளுப்பிட்டி பஸ்கள் நின்று நின்று போகின்றன.

நேற்று அத்தனை பேருக்கு முன்னால் சத்தமாகச் சொல்ல முடியாததை இங்கே எழுதுகிறேன். அந்தப் பெடியன் இன்னும் அங்கேதான் நிற்கிறான். என்னைக் கண்டால் திரும்பவும் "நங்கி" என்று கூப்பிடுவான்.

அதுக்குத்தான் பயம், மகள்.

அப்பா