மண்ணுக்குக் கீழே கேட்ட தண்ணீர்

அண்ணே,

இன்று கந்தர்வக்கோட்டை பஸ்ஸில் வரும்போது ஜன்னல் வழியாக முந்திரிப் பூ வாசனை வந்தது. பக்கத்தில் இருந்த பெண் மூச்சை நன்றாக இழுத்துக்கொண்டாள். நான் ஜன்னலைச் சாத்திவிட்டேன். அந்த வாசனை வந்தால் நீ குழி தோண்டிய மாசி மாதமும் கூடவே வந்துவிடுகிறது.

வயரிங் வேலையைப் பாதியில் போட்டுவிட்டு, கடப்பாரையோடு நம் முந்திரித் தோப்புக்குள் இறங்கினாய். சாப்பாடும் தூக்கமும் உனக்குத் தேவைப்படவில்லை. முகம் மட்டும் பளபளவென்று இருந்தது. உச்சி வெயிலில் நான் சோறு கொண்டுவந்தபோது குழிக்குள் மண்ணில் காதை வைத்துப் படுத்திருந்தாய்.

"கீழ தண்ணி ஓடுது பாப்பா. ஒனக்குக் கேக்கலையா?"

நானும் இறங்கிக் காதை வைத்தேன். ஒன்றும் கேட்கவில்லை. நீ சிரித்த சிரிப்பைப் பார்த்தபோது, எங்கே எனக்கும் கேட்டுவிடுமோ என்றுதான் பயந்தேன்.

சொந்தக்காரர்கள் காத்து கருப்பு என்று கயிறு கட்டினார்கள். கொஞ்ச நாளில் அந்த வேகம் வடிந்து, சுவரைப் பார்த்துப் படுத்துவிட்டாய். குளிக்கக்கூட எழவில்லை. அதன் பிறகே அப்பா உன்னைப் புதுக்கோட்டைக்கு அழைத்துப்போனார். டாக்டர் மனச்சோர்வு என்று மாத்திரை கொடுத்தார். குழி தோண்டியதை யாரும் அவரிடம் சொல்லவில்லை. அது பேய் செய்த வேலை, நோய் இல்லை என்று நினைத்திருந்தோம். நீ எழுந்தாய், முன்னைவிட வேகமாக. மணமேல்குடிக்குப் போய்க் கடலைப் பார்த்துவிட்டு வாரேன் என்று பைக்கை எடுத்தவன்தான். வழியில் லாரி மோதிவிட்டது என்று போன் வந்தது.

என் மகன் பிறந்த பிறகு எனக்கும் அந்தச் சுவர் வந்தது. அழுகை, படபடப்பு, பிள்ளையைத் தூக்கவே பயம். நானும் மனச்சோர்வு மாத்திரை எடுத்தேன். சில வாரங்களில் எல்லாம் தெளிந்ததுபோல் இருந்தது. தூங்காமலே சுகமாக இருந்தேன். ஒரு மத்தியானம் பாத்திரம் முழுவதையும் முற்றத்தில் பரப்பித் தேய்த்துக்கொண்டிருந்தவள், தரையில் காதை வைத்துச் சிரித்தேன்.

"அம்மா, கீழ தண்ணி ஓடுது."

எனக்கு உண்மையாகவே கேட்டது, அண்ணே. சலசலவென்று, தூரத்தில்.

பின்னால் நின்ற அம்மா என் பெயரைச் சொல்லவில்லை. உன் பெயரைச் சொல்லி, "வந்துட்டியாடா?" என்றாள். திரும்பிப் பார்த்தேன். அவள் என் கண்ணையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் என் வீட்டுக்காரரோடு அவளும் ஆஸ்பத்திரிக்கு வந்தாள். உன் குழி, தூக்கமில்லாத நாட்கள், சிரிப்பு எல்லாவற்றையும் அவள் டாக்டரிடம் சொன்னாள். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு முழுவதையும் கேட்டார். இது பைபோலார், சோர்வும் வேகமும் மாறி மாறி வரும் நோய் என்றார். வெறும் மனச்சோர்வு மாத்திரை இதில் சிலரை அந்த வேகத்துக்குத் தூக்கிவிட்டுவிடும் என்று சொல்லி மருந்தை மாற்றினார். புது மருந்தில் கை லேசாக நடுங்குகிறது, உடம்பு போட்டுவிட்டது, அடிக்கடி டெஸ்ட்டுக்கு ரத்தம் கொடுக்க வேண்டியிருக்கிறது. ஆனால் தரை வெறும் தரையாக இருக்கிறது.

போன மாதம் ஒரு கல்யாணத்தில் யாரோ உன்னைப் பேய் பிடித்து இறந்த பையன் என்றார்கள். அம்மா கையிலிருந்த பந்தி இலையைக் கீழே வைத்தாள்.

"பேயெல்லாம் இல்லைங்க. அவனுக்கு நோவு. அதுக்குப் பேர் இருக்கு."

எனக்கு இப்போதும் ஒரு பயம் மிச்சமிருக்கிறது. காரணமே இல்லாமல் மனசு நன்றாக இருக்கிற காலைகளில் அம்மாவைக் கூப்பிட்டு என் முகத்தைப் பார்க்கச் சொல்கிறேன். அவள் மோவாயைப் பிடித்து வெளிச்சத்துக்குத் திருப்பி நெடுநேரம் பார்க்கிறாள். "நீதான்டி" என்று அவள் சொல்லும்வரை நான் அசைவதில்லை.