நான் வராத பங்குனி

அண்ணா,

பேத்தி கணக்கு நோட்டை மேசைமேல் விரித்துப் போட்டுவிட்டுக் காலேஜுக்குப் போய்விட்டாள். கட்டம் போட்ட தாள். பென்சிலால் சின்னச் சின்னப் பெருக்கல் குறிகள், இடது மூலையில் தொடங்கி மேலே ஏறுகின்றன. நடுவில் ஸ்கேல் வைத்து இழுத்த ஒரு கோடு. கூட்டிக்கொண்டிருந்த விளக்குமாற்றைச் சுவரில் சாத்திவிட்டு உட்கார்ந்துவிட்டேன். நீங்கள் போய் மூன்று மாதம் ஆகிறது. உங்களோடு பேசாமல் இருந்து பழகியவள்தான் நான். இன்றைக்கு என்னவோ முடியவில்லை.

அரிசிக்கு வரிசையில் நின்ற காலம் அது. நீங்கள் பனியன் கம்பெனியில் கிளார்க். நான் கட்டினவரைப் பறிகொடுத்துவிட்டுக் கைக்குழந்தையோடு நெருப்பெரிச்சல் கிராமத்தில் கிடந்தேன். மெஷினில் நூல் அறுந்தால் துணியில் கண்ணி விட்டு ஓட்டை விழும். கொக்கி ஊசியால் அந்தக் கண்ணியைத் தூக்கி அடைப்பது என் வேலை. தினமும் கிடையாது. ஓட்டை அதிகமானால் உங்கள் சீட்டோடு சைக்கிளில் ஆள் வரும்: ‘அம்மிணி, நாளைக்கு வரவும்.’ மாசி, பங்குனியில் காற்று காய்ந்து நூல் பொடுக் பொடுக்கென்று அறும். அப்போது வாரம் முழுக்கக் கூப்பிடுவீர்கள். ஐப்பசி மழையில் ஒரு சீட்டும் வராது. குழந்தையின் வயிறு அந்தச் சீட்டைப் பார்த்துத்தான் இருந்தது.

ஓட்டை ஏன் விழுகிறது என்று முதலாளி கேட்டார். படித்த மனுசன், கட்டம் போட்ட தாளை எடுத்தீர்கள். நூல் கட்டு எந்த மில்லுடையது என்று ஒரு தாள், மெஷினுக்கு ஒரு தாள். எதிலும் குறிகள் ஒழுங்குக்கு வரவில்லை, சிந்தின கடுகு மாதிரி கிடந்தன. கடைசியாக, வாரத்தில் நான் எத்தனை நாள் வந்தேன் என்பதைக் கீழேயும் ஓட்டையின் எண்ணிக்கையை மேலேயும் வைத்துப் போட்டீர்கள். ஏன் போட்டீர்கள் என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. குறிகள் படிக்கட்டு மாதிரி ஏறின. உங்கள் முகத்தில் அப்படி ஒரு சந்தோசம்.

“பாருங்க, கோடு எத்தன நேரா வந்திருக்குதுன்னு” என்றீர்கள்.

முதலாளி எட்டிப் பார்த்தார். பக்கத்தில் நின்ற மேஸ்திரிதான் வாயைத் திறந்தார். “நாஞ் சொன்னா ஆரு கேக்கறீங்க? இந்தப் புள்ள வர்ற வாரமெல்லாம் ஓட்டைதானுங்க. கட்டினவனையே முழுங்கினது, துணிய உடுமா?”

கையில் கொக்கி ஊசியோடு நான் அங்கேயேதான் நின்றேன். “ஏனுங்க, ஓட்டை உழுந்தப்புறந்தான என்னையக் கூப்பிட உட்டீங்க? அண்ணன் சீட்டு எழுதுதுங்களே, கேளுங்க” என்றேன். எல்லோரும் உங்களைப் பார்த்தார்கள். நீங்கள் ஸ்கேலைப் பார்த்தீர்கள். மூன்றாம் வகுப்புக்காரி நான் சொன்னது வெறும் பேச்சு, நீங்கள் போட்டது கோடு. அன்றைக்கே என் ஊசியை வாங்கி வைத்துக்கொண்டார்கள்.

பொங்கலூர்ப் பக்கம் பருத்தி எடுக்கப் போனேன். என் பேர் எனக்கு முன்னாலேயே அங்கே போய்ச் சேர்ந்திருந்தது. பருத்திக்காட்டுக்காரம்மா முதல் வரிசையை என்னைத் தொடவிடவில்லை. “நீ நாலு பேருக்குப் பொறகால வா சாமி” என்றாள் சிரித்துக்கொண்டே. அந்தச் சிரிப்பை நான் மறக்கவில்லை. எதைத்தான் மறந்தேன்!

அடுத்த பங்குனியில் வெயிலோடு வெயிலாக வந்தீர்கள். சட்டைப் பையில் நாலாக மடித்த புதுக் கட்டம் போட்ட தாள்.

“அம்மிணி, நீ வராத பங்குனியிலயும் ஓட்டை அதே அளவுதான் உழுந்திருக்குது” என்றீர்கள்.

“அடைச்சது ஆருங்க?”

“புதுசா ரெண்டு பொம்பளைங்க.”

“அவிங்க கைராசி எப்படிங்கண்ணா? கோடு கீது போட்டுப் பாத்தீங்களா?”

நீங்கள் சிரிக்கவில்லை. “கோடு பொய்யில்ல கண்ணு. ரெண்டும் ஒண்ணா ஏறுச்சு, அது மெய்தான். காத்து காஞ்சா நூல் அறுகுது, நூல் அறுந்தா உன்னையக் கூப்பிடறோம். நாந்தான் தலைகீழாப் படிச்சுப்போட்டேன்.”

நான் வாயால் சொன்னதைக் காகிதத்தில் கொண்டுவர உங்களுக்கு ஒரு வருசம் பிடித்தது. “மொதலாளிகிட்டக் காட்டுனீங்களா?” என்றேன். சொம்புத் தண்ணீரை முழுக்கக் குடித்தீர்கள். வாயைத் துடைத்தீர்கள். “பாக்கலாம்” என்றீர்கள். தாளை என்னிடமே விட்டுவிட்டுப் போனீர்கள். நான் அதை வைத்துக்கொண்டு யாரிடம் காட்டுவது? அதற்கப்புறம் நல்லது கெட்டதுக்கு வந்தேன், சாப்பிட்டேன். உங்களிடம் பேசவில்லை.

கடைசியில் நீங்கள் படுக்கையில் விழுந்தபோது, மூச்சு முட்டுகிற நாளில் மட்டும் எனக்குச் சொல்லி அனுப்பினார்கள். நாலு தடவை வந்தேன். நாலாம் தடவை நான் வாசலில் செருப்பைக் கழற்றும்போது, உள்ளே பார்க்க வந்திருந்த பத்துப் பேருக்கு நடுவில் உங்கள் மகள் சொன்னது காதில் விழுந்தது. “அத்தை வந்தாலே அப்பாவுக்கு அதிகமாயிப் போகுதுங்க. எதுக்கு அவங்களக் கூப்பிட்டுக்கிட்டு?”

எனக்குக் கோபம் வரவில்லை அண்ணா. அலுப்பாக இருந்தது. இத்தனை வயசுக்கு மேலும் இதேதானா என்று செருப்பை மறுபடி மாட்டினேன்.

அப்போதுதான் உங்கள் குரல் கேட்டது. மூச்சுக்கு நடுவில் ஒவ்வொரு வார்த்தையாக வந்தது.

“அதிகமானாத்தானே… அவளக் கூப்பிடறீங்க. கூப்பிடாத நாளு… நான் எந்திரிச்சு ஓடுனனா?”

மகள் தலை குனிந்தாள். “உள்ள வா, அம்மிணி” என்றீர்கள். வந்தேன். உங்கள் கால்மாட்டில் உட்கார்ந்தேன். அப்போதும் நான் ஒன்றும் பேசவில்லை.

அந்தப் பேச்சை முதலாளி முன்னால் பேசியிருந்தால் என் மகன் பாதி வயிற்றோடு வளர்ந்திருக்க மாட்டான். அதை விட்டுக்கொடுக்க எனக்கு இன்னும் மனசு வரவில்லை. ஆனால் பத்துப் பேர் கேட்கச் சொல்லிவிட்டுத்தான் போனீர்கள். அதையும் நான் மறக்க மாட்டேன்.

உங்கள் தாள் டிரங்குப் பெட்டியில் இருக்கிறது. மடிப்பில் கிழிந்து, பென்சில் மங்கி, குறிகள் பாதி தெரிவதில்லை. பேத்தி வந்ததும் அவள் நோட்டுக்குப் பக்கத்தில் அதை விரித்து வைக்கப்போகிறேன். நீங்கள் போட்டது என்று சொல்வேன். நான் வராத பங்குனி என்றும் சொல்வேன்.