மிச்சம் வந்த வாஷர்

மூன்று தடவை சோப்புப் போட்டுக் கழுவியாகிவிட்டது. மோட்டார் சைக்கிள் ஃபோர்க் எண்ணெயின் வாடை கையை விட்டுப் போக மாட்டேன் என்கிறது. உனக்கு அது பிடிக்கும். விரலை மோந்து பார்த்துவிட்டுக் காப்பி குடிக்கிற ஒரே ஆள் நீதான், கிறுக்கன். இன்று ஞாயிற்றுக்கிழமை. ஆரியசாலையில் ஒரு கடையும் திறக்கவில்லை. நான் மட்டும் என் போல்ட் நட் கடையின் ஷட்டரைப் பாதி தூக்கிவிட்டு உள்ளே உட்கார்ந்திருக்கிறேன். மேசை மேல் கைப்பேசியும் ஒரு வாஷரும் இருக்கின்றன. கைப்பேசி அடிக்கவில்லை. சும்மா உட்கார்ந்திருந்தால் பைத்தியம் பிடித்துவிடும் என்றுதான் உனக்கு எழுதுகிறேன்.

காலை ஆறு மணிக்கு உன் மகள் நம் வண்டியை எடுத்தாள். பின்னால் மன்னி. உன் தம்பிகள் உன் மனைவியைக் கூப்பிடுவதைக் கேட்டுக் கேட்டு எனக்கும் அவர் மன்னியாகிவிட்டார். இரண்டு பேரும் பொன்முடி மலைக்குப் போகிறார்கள். ஃபோர்க் வேலை முடிந்ததும் மன்னியைப் பொன்முடிக்குக் கூட்டிக்கொண்டு போகிறேன் என்று சொன்னது நீ. ஃபோர்க்கைக் கழற்றிப் போட்டுவிட்டு, மாட்டாமலே போய்ச் சேர்ந்ததும் நீ. அப்பா சொன்னதை நான் செய்கிறேன் என்று மகள் பெங்களூரிலிருந்து வந்து நிற்கிறாள். எட்டரைக்குள் மேலே போயிருக்க வேண்டும். இப்போது ஒன்பதே கால். "போய்ச் சேந்ததும் கூப்பிடு மக்கா" என்று பத்துத் தடவை சொல்லி அனுப்பினேன். மலையில் கைப்பேசிக்கு ரேஞ்ச் கிடைக்காது என்று எனக்கும் தெரியும். தெரிந்து என்ன, மனசு கேட்க வேண்டாமா?

அந்த ஃபோர்க்கை மாட்டியவன் நான். தன்னந்தனியாக.

நம் வழக்கத்தை உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஆனாலும் சொல்கிறேன், சொன்னால் கொஞ்சம் மனசு ஆறும். இங்கிலீஷ்காரன் செய்த அந்தப் பழைய வண்டியை நாம் சேர்ந்து வாங்கி முப்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது. முன்சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க்குக்கு இரண்டு கால்கள். ஒவ்வொரு காலும் குழாய்க்குள் குழாய். உள்ளே நீளமாக ஒரு ஸ்பிரிங், அளந்து ஊற்றிய எண்ணெய், அது கசியாமல் இருக்க ஒரு ரப்பர் சீல். சீல் கெட்டு எண்ணெய் வடிய ஆரம்பித்தால் இரண்டு கால்களையும் அக்கக்காகக் கழற்ற வேண்டும். கழற்றுவது நீ. நான் கடையை அடைத்துவிட்டு வலியசாலைக்கு வருவதற்குள், உன் வீட்டுப் பின்கட்டில் எல்லாவற்றையும் துடைத்து இரண்டு பிஸ்கட் டின்களில் பிரித்து வைத்திருப்பாய். இடது கால் உனக்கு, வலது கால் எனக்கு. என் காலில் நீ கை வைக்க மாட்டாய், உன் காலை நான் தொட மாட்டேன். "அவாவா காலுக்கு அவாவாதான் பொறுப்பு" என்பாய்.

வண்டி வேலை இருக்கிற வாரம் நீ ஆபீஸ் விட்டுப் போகும் வழியில் கடைக்குள் நுழைவாய். வாஷர் போட்டு வைத்திருக்கும் ஜாடியில் கையை விட்டு ஒன்றை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொள்வாய். "எதுக்குடே?" என்று கேட்டால், "ஒண்ணு கையில இருக்கட்டும்" என்பாய். அதற்கு மேல் நான் கேட்டதில்லை.

எனக்குத்தான் எப்போதும் ஏதாவது மிச்சம் வரும். எல்லாம் மாட்டி முடித்து முதுகை நிமிர்த்தினால் என் டின்னின் அடியில் ஒரு வாஷர் கிடக்கும். ஒவ்வொரு தடவையும் இல்லை. ஆனால் பல தடவை. நீ எட்டிப் பார்ப்பாய். முகத்தில் சிரிப்பின் சாயல்கூட இருக்காது.

"என்னடா அண்ணாச்சி, ஒண்ணு மிஞ்சிடுத்தா?"

"வெள்ளக்காரன் கூடுதலா ஒண்ணு வச்சிருப்பாம்டே."

"வச்சிருப்பான், வச்சிருப்பான். பிரேக் பிடிக்கறச்சே தெரியும். கழட்டு, பாப்போம். ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு."

வெள்ளைக்காரன் வம்சத்தையே திட்டிக்கொண்டு மறுபடி கழற்றுவேன். உள்ளே எல்லாம் அதனதன் இடத்தில் இருக்கும், இந்த வாஷருக்கு மட்டும் இடம் இருக்காது. எல்லாவற்றையும் இரண்டாம் முறை முறுக்கி மூடிவிட்டு, அதை உனக்குத் தெரியாமல் பைக்குள் போட்டுக்கொண்டு வந்து, மறுநாள் கடை ஜாடிக்குள் போட்டுவிடுவேன். போல்ட் நட் கடைக்காரனுக்கு வாஷர் எங்கே போகும் என்று தெரியவில்லை என்றால் ஊர் சிரிக்காதா?

கடைசியாக நீ கழற்றி வைத்த இரண்டு டின்களும் நாலு மாதம் பின்கட்டில் அப்படியே இருந்தன. மறுநாள் மாட்டலாம் என்று பேசியிருந்தோம். மறுநாள் குளித்துவிட்டு வந்து நாற்காலியில் உட்கார்ந்தவன் நீ எழுந்திருக்கவே இல்லை. அதன் பிறகு அந்த டின்களை எடுத்துப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. மகள் வந்து கேட்டபோதுதான், முந்தாநாள் வெள்ளிக்கிழமை, மதியமே கடையை அடைத்துவிட்டுப் போனேன்.

என் பயமெல்லாம் இடது கால்தான். முப்பது வருஷமாகப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தும் நான் கைவைக்காத கால். ரப்பர் சீலை மில்லி மில்லியாக அழுத்தி இறக்கினேன். எண்ணெயை இரண்டு தடவை அளந்தேன். ஒவ்வொரு போல்ட்டையும் முறுக்கிவிட்டு, சரிதானா என்று உன் நாற்காலியைத் திரும்பிப் பார்த்தேன். வலது கால் எனக்குத் தண்ணீர் பட்ட பாடு. அதை விறுவிறுவென்று முடித்திருந்தேன். கடைசியில் சக்கரத்தையும் மாட்டிவிட்டு டின்களை எடுத்து வைக்கப் போனால், வலது டின்னில் ஒரு வாஷர்.

உன் மகளிடம் சொல்லவில்லை. பழைய வெட்கம்தான், வேறென்ன. பைக்குள் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போனேன். சோறு இறங்கவில்லை. நேற்றுக் காலை எட்டு மணிக்கே போய் அவளிடம், "அடுத்த ஞாயிறு போவமா மக்கா?" என்று கேட்டேன். "சாரமில்ல மாமா, ஒண்ணும் ஆகாது, நீங்க டென்ஷன் அடிக்காதீங்க. வண்டி பக்காவா இருக்கு" என்று என் முதுகில் தட்டிவிட்டுப் போய்விட்டாள். நான் பின்கட்டில் உட்கார்ந்து வலது காலைத் திறக்க ஆரம்பித்தேன்.

இப்போது சொல்லப்போவது உனக்கு மட்டும். மேல் நட்டை முழுசாக முறுக்கிக் குழாயை மேலே இழுத்த பிறகுதான், அதைக் கவ்விப் பிடிக்கும் கீழ்க் கிளாம்பின் போல்ட்டை இறுக்க வேண்டும். அதுவரை விரலால் திருகி வைத்தால் போதும். நானே உன்னிடம் நூறு தடவை பெருமையாகச் சொன்ன பாடம். நேற்று அந்தப் போல்ட்டில் ஸ்பானரை வைத்தேன். தானாகச் சுற்றியது. ஸ்பானரை எடுத்துவிட்டு விரலை வைத்தேன். விரலுக்கும் சுற்றியது. இடது காலைப் பற்றிய கவலையில், வெள்ளிக்கிழமை என் காலின் போல்ட்டை விரல் முறுக்கோடு விட்டுவிட்டு எழுந்திருக்கிறேன். மலை இறக்கத்தில் முன்பிரேக்கை ஒரு அழுத்து அழுத்தினால் குழாய் கிளாம்புக்குள் நகர்ந்திருக்கும். ஹேண்டில் ஒரு பக்கமாக இழுத்திருக்கும். பின்னால் மன்னி. ஐயோ!

எல்லாவற்றையும் திறந்து, பார்த்து, முறுக்கி மூடினேன். அப்போதும் வாஷருக்கு இடம் கிடைக்கவில்லை. உள்ளங்கையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தபோது மன்னி காப்பி கொண்டு வந்தார்.

"அண்ணா, இது உங்க டின்லேர்ந்தா?"

"ஆமா மன்னி. எங்கயோ விட்டுப்போச்சு. எங்கன்னுதான் தெரியல்ல."

மன்னி சிரித்தார். நீ போன பிறகு அந்த வீட்டில் நான் கேட்ட முதல் சிரிப்பு.

"ஒண்ணும் விட்டுப்போகல்லே. அது வண்டியோடதே இல்லே, கேட்டேளா. உங்க கடையிலேர்ந்துதான் எடுத்துண்டு வருவார். உங்க டின்ல போட்டுட்டு என்கிட்ட வந்து சொல்லுவார், 'அவன் கை நல்ல கை, ஆனா அவசரக் கை. ரெண்டாவது தடவை முறுக்கறச்சேதான் நிதானம் வரும்'னு. பாவம் அண்ணா, சொல்லிடுங்கோன்னு நான் எத்தனை தடவை பறஞ்சிருக்கேன்! கேட்டாத்தானே?"

அடப்பாவி! முப்பது வருஷம்! நான் வெட்கப்பட்டு ஜாடியில் போட்ட வாஷரையே அடுத்த தடவை எடுத்துக்கொண்டு போய் என் டின்னில் போட்டிருக்கிறாய். எத்தனை முழங்கால் வலி, எத்தனை வசவு, எல்லாவற்றையும் கல் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு கேட்டிருக்கிறாய். நீ மட்டும் நேற்று எதிரே இருந்திருந்தால் ஸ்பானராலேயே ஒன்று போட்டிருப்பேன். பிறகு உன் கையைப் பிடித்துக்கொண்டு அழுதிருப்பேன். மன்னியின் முன்னால் இரண்டையும் செய்ய முடியவில்லை. காப்பியைக் குடித்தேன். போல்ட் சங்கதியை அவரிடம் சொல்லவும் இல்லை.

இப்போது எனக்கு இன்னொரு பயம் பிடித்திருக்கிறது. இனி அந்த டின்னில் மிச்சமே வராது. நான் அவசரமாக முறுக்கி, சரியாகிவிட்டது என்று எழுந்து போய்விடுவேன். என்னை மறுபடி உட்கார வைக்க ஆள் கிடையாது. வெள்ளிக்கிழமை செய்த மாதிரி இன்னும் எதையெல்லாம் விரல் முறுக்கில் விட்டிருக்கிறேனோ? இடது காலில் ஒன்றும் இல்லையே? நேற்று அதையும் மூன்று தடவை பார்த்தேனே, பார்த்தேன்தானே?

இரு, அடிக்கிறது.

உன் மகள்தான். "மாமா, மேல எத்தியாச்சு! வழியில ரேஞ்சே இல்ல, இப்பத்தான் கொஞ்சம் கெடச்சுது. வண்டி சூப்பர்." பிறகு மன்னி வாங்கிப் பேசினார். "அவர் ஓட்டறச்சே நான் கண்ணை மூடிண்டே இருப்பேன் அண்ணா. இன்னிக்குத்தான் வழியெல்லாம் பாத்துண்டு வந்தேன்." "எறங்கும்போ மெதுவா வரச் சொல்லுங்க மன்னி" என்று மட்டும் சொன்னேன்.

ஒரு சொம்பு தண்ணீரை ஒரே மூச்சில் குடித்தேன். வழக்கம்போல வாஷரைப் போட்டுவிடலாம் என்று எழுந்து ஜாடியைத் திறந்தும்விட்டேன். அப்போதுதான் நினைவு வந்தது, ஏறுவதற்கு எஞ்சின் போதும். இறங்குவதுதான் ஃபோர்க்கின் வேலை. இருபத்திரண்டு வளைவு, ஒவ்வொன்றிலும் முன்பிரேக், பாரம் முழுக்க நான் முறுக்கிய இரண்டு கால்களில். வாஷரைப் போடாமலே ஜாடியை மூடிவிட்டு வந்து உட்கார்ந்தேன்.

ஒண்ணு கையில இருக்கட்டும்.